உள்நாட்டு அரிசியா, இறக்குமதி அரிசியா?
மூத்த குடிமக்களுக்கான அரிசி விளக்கக் கையேடு

மளிகைக் கடையில் அரிசி அடுக்கியிருக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கெடா வயல்களில் விளைந்த உள்நாட்டு வெள்ளை அரிசி ஒரு பக்கம். அதன் அருகில் வியட்னாம் அரிசி, தாய்லாந்து வாசனை அரிசி. நம்மில் சிலர் அதை இன்னும் 'சியாம் அரிசி' என்றே சொல்வோம். சற்றுத் தள்ளி இந்தியாவிலிருந்து வந்த பொன்னி, புழுங்கல், இட்லி அரிசி. மேல்தட்டில் பாஸ்மதி, பழுப்பு அரிசி, சில கடைகளில் சரவாக்கின் பாரியோ அரிசி.

இவற்றில் எது நல்லது? கிளினிக்குக்கு வரும் பெரியவர்களில் பலர் கேட்கும் கேள்வி இது. இறக்குமதி அரிசிதான் தரம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். ஊர் அரிசியில்தான் சத்து என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். இனிப்பு நீர் உள்ளவர்களோ பொன்னிக்கு மாறிவிட்டால் போதும் என்று நம்புகிறார்கள்.

இது வெறும் ருசி பற்றிய கேள்வியும் அன்று. 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு உள்ளது. இந்தியர்களிடையே இந்த விகிதம் இன்னும் அதிகம். ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று வேளை நாம் சாப்பிடும் பொருள் அரிசி. ஆகவே அதைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்கத் தேவையில்லை என்று தெரிந்திருப்பது நல்லது.

மூட்டையில் உள்ள 5% என்பது என்ன?

உள்நாட்டு அரிசி மூட்டையில் 'பெராஸ் சூப்பர் ஸ்பெசியல் தெம்பாத்தான் 5%' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'தெம்பாத்தான்' என்றால் உள்நாட்டில் விளைந்தது. 5% என்ற எண்ணைப் பலர் சத்தின் அளவு என்றோ, சர்க்கரையின் அளவு என்றோ நினைக்கிறார்கள். அது நொய்யின் அளவு. 5% வகையில் உடைந்த அரிசி மிகக் குறைவு. 10%, 15% என்று போகப் போக நொய் கூடும்.

நெல்லைக் காயவைக்கும்போது மணியில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழுந்தால், ஆலையில் தீட்டும்போது அந்த இடத்தில் மணி உடையும். முழு அரிசியும் நொய்யும் ஒன்றாக வேகும்போது நொய் முதலில் குழைந்துவிடுகிறது. அதனால் சோறு பிசுபிசுப்பாக வருகிறது. விலை வித்தியாசத்துக்குக் காரணம் இதுதான். நொய்யில் சத்து குறைவு என்று நினைக்க வேண்டாம். கஞ்சிக்கு வாங்குவதானால் நொய் கலந்த மலிவு அரிசியே போதும்.

மேசையில் கறுப்பு அல்லது கருநீலத் தட்டு ஒன்றை வைத்து, ஒரு தேக்கரண்டி அரிசியைப் பரப்பிப் பாருங்கள். உடைந்த மணிகள் எத்தனை, வயிற்றுப் பகுதியில் சுண்ணாம்புபோல் வெள்ளைத் திட்டு உள்ள மணிகள் எத்தனை என்று எளிதாகத் தெரியும். பயிர் முற்றும் நேரத்தில் கடும் வெயில் அடித்தால் மாவுச்சத்து நெருக்கமாக நிரம்பாமல் இந்த வெள்ளைத் திட்டு வரும். அது நோயும் இல்லை, நஞ்சும் இல்லை. ஆனால் அப்படிப்பட்ட மணி சீக்கிரம் உடையும். புழுக்கை, பூஞ்சை வாடை, பச்சை அல்லது கறுப்புப் புள்ளி தெரிந்தால் மட்டும் அந்த அரிசியை ஒதுக்கிவிடுங்கள்.

விலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தீபகற்ப மலேசியாவில் உள்நாட்டு வெள்ளை அரிசியின் விலை கிலோவுக்கு 2 வெள்ளி 60 சென் என்று பல ஆண்டுகளாகக் கட்டுப்பாட்டில் இருந்து வந்தது. இறக்குமதி அரிசிக்கு அப்படிப்பட்ட உச்சவரம்பு இல்லை. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியது. அதே ஆண்டு செப்டம்பரில் இங்கே இறக்குமதி வெள்ளை அரிசியின் விலை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு உயர்ந்தது. எல்லாரும் உள்நாட்டு அரிசியைத் தேடிப் போனதால் அதுவும் கடைகளில் கிடைக்காமல் போனது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மாதங்களில் விலையைத் தீர்மானித்தது மணியின் தரம் அன்று. விலை கூடினால் தரமும் கூடும் என்று எண்ணிவிட வேண்டாம்.

நீளமும் மணமும்

நீண்ட மணி என்றால் உயர்ந்த அரிசி என்பது பழைய நம்பிக்கை. நம் நாட்டில் பயிராகும் 'எம்.ஆர்.' வகைகள் 1969-இல் தொடங்கப்பட்ட மார்டி என்னும் வேளாண் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கியவை. எம்.ஆர். 219 போன்றவை நீண்ட மணிகள்தாம். தாய்லாந்து வாசனை அரிசியும் நீளம், பாஸ்மதியும் நீளம். வெந்த பிறகு வாசனை அரிசி மெத்தென்று ஒட்டிக்கொள்ளும், பாஸ்மதியோ தனித்தனியாக உதிரும். உடலுக்குள் போன பிறகும் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. மணியின் நீளத்தைப் பார்த்து இதைக் கணிக்க முடியாது.

மணமும் அப்படித்தான். தாய்லாந்து வாசனை அரிசி, பாஸ்மதி, மார்டியின் 'மஸ்வாங்கி' ஆகிய மூன்றிலும் நறுமணத்துக்கு முக்கியக் காரணம் ஒரே இயற்கைப் பொருள். அதே பொருள்தான் பாண்டான் இலையிலும் இருக்கிறது. சாதாரண உள்நாட்டு அரிசியில் ஒரு பாண்டான் இலையை முடிந்து போட்டு வேகவைத்தால் வீடு மணப்பதற்குக் காரணம் இதுதான். மணத்துக்காகக் கூடுதல் விலை கொடுப்பது உங்கள் விருப்பம். மணத்தால் சத்து கூடுவதில்லை.

பழைய அரிசி, புது அரிசி வித்தியாசம் நம் பாட்டிமாருக்கு நன்றாகத் தெரியும். அறுவடை முடிந்து பல மாதம் கிடந்த அரிசி கூடுதலாகத் தண்ணீர் குடித்து உதிரியாக வேகும். புது அரிசி குழையும். பாஸ்மதியை ஓராண்டு, அதற்கும் மேல் வைத்திருந்து விற்பது இதற்காகத்தான். அதற்காக வீட்டில் மூட்டையை மாதக் கணக்கில் வைத்திருக்க வேண்டாம். நம் ஊர் ஈரக்காற்றில் வண்டு பிடிக்கும். இருவர் மட்டும் உள்ள வீடானால் 5 கிலோ பை போதும். மூடி இறுகிய டப்பாவில் போட்டு வையுங்கள்.

ஒட்டும் சோறும் உதிரும் சோறும்

நீரிழிவு உள்ளவர்கள் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது.

அரிசியின் பெரும்பகுதி மாவுச்சத்து. அந்த மாவுச்சத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று நேரான சங்கிலி போன்றது. அதன் பெயர் அமைலோஸ். மற்றது கிளைகள் விரிந்த மரம் போன்றது. அதன் பெயர் அமைலோபெக்டின். மரத்தில் கிளை நுனிகள் பல. நம் குடலில் சுரக்கும் செரிமான நீர் ஒவ்வொரு நுனியிலிருந்தும் வெட்டத் தொடங்குவதால், அது விரைவில் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. நேரான சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருங்கிப் படிந்துகொள்வதால் அவற்றை உடைக்க நேரம் எடுக்கும்.

பூலுட் அரிசியில் அமைலோஸ் ஏறக்குறைய இல்லவே இல்லை. அதனால்தான் அது பசைபோல் ஒட்டுகிறது. தாய்லாந்து வாசனை அரிசியில் அமைலோஸ் குறைவு. 20 விழுக்காட்டுக்குக் கீழ். பாஸ்மதியில் நடுத்தரம், 20 முதல் 25 விழுக்காடு. ஆறிய பிறகு விறைத்துப் போகும் சில வகைகளில் 25 விழுக்காட்டுக்கும் மேல்.

மூட்டையில் இந்த எண்ணைப் போட மாட்டார்கள். ஆனால் சோற்றைப் பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஒரே அளவு தண்ணீரில் வேகவைத்த இரண்டு அரிசிகளில், ஆறிய பிறகும் மெத்தென்று ஒட்டிக்கொண்டிருப்பதில் அமைலோஸ் பொதுவாகக் குறைவு. தனித்தனியாக நின்று சற்று விறைப்பாவதில் அது கூடுதல். புது அரிசியும் ஒட்டும் என்பதால் இந்தக் கணிப்பு எப்போதும் சரியாக வராது. இருந்தாலும் மூட்டையில் உள்ள நாட்டின் பெயரைவிட இது அதிகம் சொல்லும்.

ஓர் உணவு எவ்வளவு வேகமாக இரத்தச் சர்க்கரையை ஏற்றுகிறது என்பதை அளக்கக் கிளைசெமிக் குறியீடு என்ற எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். குளுகோஸுக்கு 100. 55 வரை குறைவு, 56 முதல் 69 வரை நடுத்தரம், 70-உம் அதற்கு மேலும் அதிகம். வாசனை அரிசி பல ஆய்வுகளில் 'அதிகம்' என்ற பிரிவில் வருகிறது. பாஸ்மதி பெரும்பாலும் நடுத்தரத்தில் வருகிறது. இரண்டுமே இறக்குமதி அரிசிதான் என்பதைக் கவனியுங்கள்.

நூறு ஆண்டுகளுக்கு முன் கோலாலம்பூரில் நடந்தது

எந்த நாட்டு அரிசி நல்லது என்ற கேள்வி இந்த மண்ணுக்குப் புதிதன்று. ஒரு காலத்தில் அது உயிர்ப் பிரச்சினையாக இருந்தது.

1900-களின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால்கள் மரத்துப் போகும், வீங்கும். நடக்க முடியாமல் போகும். கடைசியில் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களிடையே இது கடுமையாக இருந்தது. ஆனால் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களை அது அவ்வளவாகத் தொடவில்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்து 1907-இல் ஒரு நூல் எழுதினார். அவர் கண்ட வேறுபாடு இதுதான்: பாதிக்கப்பட்டவர்கள் சாப்பிட்டது சியாமிலிருந்து வந்த தீட்டிய வெள்ளைப் பச்சரிசி, தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்று அவர் நினைத்தார். அந்த விளக்கம் தவறு என்று பின்னர் தெரிந்தது. ஆனால் அவர் சுட்டிய இடம் சரியானது.

அதே காலத்தில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநல விடுதியில் ஒரு சோதனை நடத்தினார். விடுதியில் இருந்தவர்களை ஒன்று விட்டு ஒன்றாக எண்ணி இரண்டு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்குச் சியாமின் வெள்ளைப் பச்சரிசி. மறு பிரிவுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. மற்ற உணவில் வேறுபாடு இல்லை. கட்டடம்தான் நோய்க்குக் காரணமோ என்ற சந்தேகம் வராதபடி, பாதி ஆண்டில் இரு பிரிவினரையும் இடம் மாற்றவும் செய்தார். ஓராண்டுக்குப் பின் கணக்குப் பார்த்தபோது, வெள்ளை அரிசி சாப்பிட்ட 120 பேரில் பலருக்குப் பெரிபெரி வந்திருந்தது. அவர்களில் 18 பேர் இறந்துவிட்டார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்களில் பெரிபெரியால் ஒருவர்கூட இறக்கவில்லை. இன்று அப்படி ஒரு சோதனைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது. ஆனால் அதனால் கிடைத்த உண்மை பல உயிர்களைக் காத்தது.

1900-இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டான்டனும் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். நோய்க்குக் காரணம் அரிசியில் சேர்ந்த நஞ்சு அன்று; தீட்டும்போது தவிட்டோடு போய்விட்ட ஏதோ ஒரு சத்துதான் என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்தச் சத்து வைட்டமின் பி1. 1926-இல் ஜாவாவில் இரண்டு டச்சு விஞ்ஞானிகள் அதை அரிசித் தவிட்டிலிருந்து பிரித்தெடுத்தார்கள்.

புழுங்கலில் நடப்பது இதுதான். நெல்லை உமியோடு ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, காயவைத்த பிறகே குத்துகிறார்கள். ஊறும்போதும் வேகும்போதும் தவிட்டிலுள்ள வைட்டமின் பி1 மணியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அதில் ஒரு பங்கு தங்குகிறது. கூடவே மாவுச்சத்தும் ஒருமுறை வெந்து இறுகிவிடுவதால், அதே நெல்லின் பச்சரிசியைவிடப் புழுங்கல் அரிசி இரத்தச் சர்க்கரையைச் சற்று மெதுவாக ஏற்றும்.

சியாம் அரிசி கெட்டது, இந்திய அரிசி நல்லது என்பதல்ல இதன் பொருள். சியாமின் நெல்லை அதே போல் புழுக்கியிருந்தால் அதுவும் காப்பாற்றியிருக்கும். இந்திய நெல்லைப் பச்சையாகத் தீட்டியிருந்தால் அதுவும் நோயைக் கொண்டு வந்திருக்கும். இன்று பலவகை உணவு கிடைப்பதால் பெரிபெரி அரிதாகிவிட்டது. ஆனால் பல்வலி, பசியின்மை என்று பல மாதமாக வெறும் வெள்ளைக் கஞ்சியும் ஊறுகாயும் மட்டும் சாப்பிடும் பெரியவர்களுக்கும், அதிகமாக மது அருந்துபவர்களுக்கும் பி1 குறைபாடு இன்னும் வரக்கூடும். வீட்டில் அப்படி யாராவது இருந்தால் கஞ்சியில் பருப்போ, முட்டையோ, மீனோ சேர்த்துக் கொடுங்கள். கால் மரத்துப் போகிறது என்றால் கிளினிக்கில் சொல்லுங்கள்.

பொன்னி 'நாட்டு அரிசி'யா?

நம் வீடுகளில் பொன்னிக்குத் தனி மரியாதை உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வரும் அரிசி, காவிரியின் பெயரைத் தாங்கிய அரிசி. ஆனால் அதன் பூர்வீகத்தைத் தேடிப் போனால் வழி மீண்டும் இந்த மண்ணுக்கே வருகிறது.

1950-களில் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு, இந்தியாவின் கட்டாக் நகரில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒட்டுரகத் திட்டம் ஒன்றை நடத்தியது. அதில் தைவானின் 'தைச்சுங் 65' என்ற நெல்லையும் மலாயாவின் 'மயாங் இபோஸ் 80' என்ற நெல்லையும் சேர்த்தார்கள். அதிலிருந்து தேர்ந்தெடுத்த ரகம் 1965-இல் மலேசியாவில் 'மஹ்சூரி' என்ற பெயரில் வெளியானது. லங்காவிக் கதையில் வரும் மஹ்சூரியின் பெயர்தான். அது பின்னர் இந்தியாவுக்குச் சென்று ஆந்திராவில் பரவலாக விளைந்தது. தமிழ்நாட்டில் அதே கலப்பிலிருந்து வந்தது பொன்னி. அதை மேம்படுத்தி 1986-இல் வெளியிட்டதுதான் வெள்ளைப் பொன்னி. 'சோனா மசூரி' என்ற அரிசிப் பெயரில் வரும் மசூரியும் அதே மஹ்சூரிதான்.

எனவே கிள்ளானிலோ ஈப்போவிலோ நீங்கள் வாங்கும் 'இறக்குமதி' பொன்னியின் முன்னோரில் ஒன்று மலாயா நெல். உள்நாடு, வெளிநாடு என்ற கோடு நெல்லைப் பொறுத்தவரை அவ்வளவு அழுத்தமானது அன்று.

இனி, பொன்னியும் இனிப்பு நீரும். சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் தீட்டிய அரிசி வகைகளைச் சோதித்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். பொன்னியின் கிளைசெமிக் குறியீடு 70. சோனா மசூரிக்கு 72. இரண்டும் 'அதிகம்' பிரிவிலேயே இருக்கின்றன. பொன்னி சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்பது உண்மையன்று. வாசனை அரிசியோ, ஒட்டும் வெள்ளைச் சோறோ சாப்பிட்டுப் பழகியவர் பொன்னிப் புழுங்கலுக்கு மாறினால் ஓரளவு நன்மை இருக்கலாம். ஆனால் 'இது பொன்னிதானே' என்று இன்னும் ஒரு அகப்பை கூடுதலாகப் போட்டுக்கொண்டால், மாறியதால் கிடைத்த நன்மை அங்கேயே போய்விடும்.

பழுப்பு அரிசி: யாருக்கு, எப்படி?

தவிடு நீக்காத அரிசி பழுப்பாக இருக்கும். மலாய் மொழியில் 'பெராஸ் பேராங்'. நார்ச்சத்து, மக்னீசியம், பி வைட்டமின்கள் வெள்ளை அரிசியைவிட அதில் அதிகம். உள்நாட்டு நெல்லிலிருந்தும் கிடைக்கிறது, இறக்குமதியும் வருகிறது. சத்தில் பெரிய வேறுபாடு இல்லை. விலை குறைந்ததை வாங்கலாம்.

பல பெரியவர்கள் ஒரே நாளில் முழுவதும் பழுப்பு அரிசிக்கு மாறி, கடிக்க முடியாமல், வயிறு உப்பி, ஒரு வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். மூன்று பங்கு வழக்கமான அரிசிக்கு ஒரு பங்கு பழுப்பு அரிசி என்று தொடங்குங்கள். பழுப்பு அரிசியைத் தனியாக ஒரு மணி நேரமாவது ஊறவைத்து, பிறகு கலந்து, சற்று அதிகத் தண்ணீர் விட்டு வேகவையுங்கள். பல் பழகிய பிறகு பங்கைக் கூட்டலாம். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் பழுப்பு அரிசி சீக்கிரம் காறிப்போகும். சிறு பையாக வாங்குங்கள்.

சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. தவிட்டில் பாஸ்பரசும் பொட்டாசியமும் கூடுதல். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் வெள்ளை அரிசியே பொருத்தமாக இருக்கலாம். மருத்துவரையோ உணவியல் நிபுணரையோ கேட்காமல் மாற வேண்டாம். பிள்ளைகள் நல்லெண்ணத்தில் வாங்கி வந்து கொடுத்தாலும் இதைச் சொல்லத் தயங்காதீர்கள்.

எவ்வளவு சோறு?

வேகவைத்த ஒரு கோப்பைச் சோறு சுமார் 150 கிராம் இருக்கும். அதில் ஏறக்குறைய 200 கலோரியும் 40 முதல் 45 கிராம் மாவுச்சத்தும் உள்ளன. கெடா அரிசி, வியட்னாம் அரிசி, பாஸ்மதி எதுவானாலும் இந்தக் கணக்கு அதிகம் மாறாது. மாறுவது அது இரத்தத்தில் சேரும் வேகம் மட்டுமே.

2020-இல் வெளியான ஓர் ஆய்வு, மலேசியா உட்பட 21 நாடுகளில் 1,32,000-க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. நாளொன்றுக்கு 450 கிராமும் அதற்கு மேலும் வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட நீரிழிவு வரும் வாய்ப்பு 20 விழுக்காடு அதிகமாக இருந்தது. தெற்காசிய நாடுகளில் மட்டும் பார்த்தால் 61 விழுக்காடு அதிகம். 450 கிராம் என்பது மூன்று கோப்பை. வாழையிலையில் சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று சோறு வாங்கினால் ஒரே வேளையில் அந்த அளவு வந்துவிடும்.

'சுக்கு-சுக்கு-செபாரு' என்று சுகாதார அமைச்சு சொல்லும் கால்-கால்-பாதி தட்டு இங்கேதான் உதவுகிறது. தட்டில் பாதி காய்கறியும் பழமும்; கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு; கால் பங்கு மட்டுமே சோறு. சாப்பிடும் வரிசையையும் மாற்றிப் பாருங்கள். முதலில் கீரையையும் கூட்டையும் மீனையும் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றுக்கு வந்தால் சர்க்கரை மெதுவாக ஏறும். உருளைக்கிழங்கு காய்கறிக் கணக்கில் சேராது. அது சோற்றின் பங்கு.

இன்சுலின் போடுபவர்களும், கிளிக்லசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் சோற்றைத் திடீரென்று பாதியாகக் குறைக்கக் கூடாது. மருந்து அதே அளவில் இருக்க, சோறு குறைந்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், தலைசுற்றல், தடுமாற்றம் வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். சோற்றின் அளவை மாற்றுவதற்கு முன் கிளினிக்கில் சொல்லி மருந்தின் அளவையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறிய சோறு, பழைய சோறு

வெந்த சோறு ஆறும்போது மாவுச்சத்தின் ஒரு சிறு பகுதி மீண்டும் இறுகி, எளிதில் செரிக்காததாக மாறுகிறது. ஆகவே குளிரவைத்துச் சூடாக்கிய சோறு சர்க்கரையைச் சற்றுக் குறைவாக ஏற்றலாம். இந்த நன்மை சிறியது. இதை நம்பி அளவைக் கூட்ட வேண்டாம்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. சோற்றில் சில கிருமிகளின் வித்துகள் வேகவைத்தும் சாகாமல் தங்கும். நம் ஊர் வெப்பத்தில் சோறு மேசைமேல் பல மணி நேரம் கிடந்தால் அவை பெருகி, வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. சாப்பிட்டு மிஞ்சிய சோற்றை இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் ஆறவைத்து ஐஸ்பெட்டியில் வைத்துவிடுங்கள். ஒரு நாளுக்குள் சாப்பிட்டு முடியுங்கள். பழைய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைக்கும் பழக்கம் உள்ளவர்களும், எழுபது வயதைத் தாண்டியவர்களானால், அதை அடுப்படியில் வைக்காமல் ஐஸ்பெட்டியில் வைப்பதே பாதுகாப்பு.

உங்கள் உடலையே கேளுங்கள்

ஒரே அரிசி எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. வீட்டில் இரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால், உங்களுக்கு எந்த அரிசி ஒத்துக்கொள்கிறது என்று நீங்களே பார்த்துவிடலாம்.

முதல் நாள், வழக்கமாக வாங்கும் அரிசியில் ஒரு கோப்பைச் சோறு, ஒரு கூட்டு, ஒரு துண்டு மீன். சாப்பிடுவதற்கு முன் ஒரு முறை சர்க்கரை பாருங்கள். முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். இரண்டு எண்ணையும், அரிசியின் பெயரையும், அது உள்நாடா இறக்குமதியா, பச்சையா புழுங்கலா என்பதையும் ஒரு சிறு புத்தகத்தில் எழுதுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, அதே நேரத்தில், அதே கூட்டு, அதே அளவு மீன், மருந்தும் அதே அளவு. அரிசியை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வோர் அரிசியையும் இரண்டு முறையாவது செய்து பார்த்தால்தான் நம்பலாம். ஒரு நாள் நடந்துவிட்டு வந்தாலோ, தூக்கம் கெட்டாலோ எண் மாறும்.

சில வீடுகளில் பாஸ்மதிக்கும் பொன்னிக்கும் பெரிய வித்தியாசமே தெரியாது. ஒன்றரைக் கோப்பைக்கும் முக்கால் கோப்பைக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் தெளிவாகத் தெரியும். அப்படியானால் விலை கூடிய மூட்டையை விட்டுவிட்டு, உள்நாட்டு அரிசியையே அளவாகச் சாப்பிடலாம். சிலருக்கு வாசனை அரிசியிலிருந்து புழுங்கலுக்கு மாறியதும் எண் நன்றாக இறங்கும். அவர்கள் மாறிக்கொள்ளலாம்.

இரண்டு மணி நேர எண் உங்களுக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்பது வயதையும் மற்ற நோய்களையும் பொறுத்தது. தனியாக வசிக்கும் எண்பது வயதுப் பெரியவருக்கும் ஐம்பது வயதுக்காரருக்கும் ஒரே இலக்கு கிடையாது. அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது அந்தச் சிறு புத்தகத்தையும், நீங்கள் வீட்டில் சோறு போட்டுக்கொள்ளும் கோப்பையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்தக் கோப்பை என்று தெரிந்தால்தான் 'ஒரு கோப்பை' என்பதை மருத்துவராலும் உணவியல் நிபுணராலும் சரியாகக் கணக்கிட முடியும்.